ஸ்டெல்லாவின் சொற்களைக் குப்பையென்று அள்ளிய நிரல்

நேற்று உன் பழைய மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றினேன். கருகிய போர்டின் நாற்றம் இத்தனை மாதம் கழித்தும் போகவில்லை. விசிறிக்குப் பக்கத்தில் பல்லி முட்டை ஓடு, மூலையில் செத்த எறும்புகள். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடச் சொல்லி உன் அம்மா கொடுத்தார். போடுவதற்குமுன் ஹார்ட் டிஸ்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்தேன். அதில் எனக்கு உதவுகிற மாதிரி நீ எதையாவது எழுதி வைத்திருப்பாய் என்கிற ஆசையெல்லாம் எனக்கு இல்லை. உன்னைத் தெரியாதா எனக்கு?

போனவர்களுக்கு எழுதும்போது நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் வழக்கம். அதை உன் சொந்தக்காரர்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலேயே செய்துவிட்டார்கள். பாசமிகு, பண்புமிகு என்றெல்லாம் போட்டு, நீ தலை சீவியிருந்த ஒரே போட்டோவை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, உங்கள் ஊர் கரியமாணிக்கம் முழுக்க ஒட்டினார்கள். அதனால் அந்த வேலை எனக்கு மிச்சம். நான் இந்த மடலில் உன்னைத் திட்டப் போகிறேன். குறுக்கே பேச உனக்கு வழியில்லை என்பது ஒன்றுதான் எனக்குச் சாதகம்.

நாம் பழகியது சேதராப்பட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில். நான் வில்லியனூரில் ஏறுவேன். நீ கரியமாணிக்கத்திலிருந்து பைக்கில் அங்கே வந்து, அதை ஸ்டாண்டில் தள்ளிவிட்டு, பஸ் நகர ஆரம்பித்த பிறகு ஓடிவந்து தொற்றிக்கொள்வாய். நீ தரச் சோதனைப் பிரிவு, நான் கணினிப் பராமரிப்பு. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, முன்பின் பேசியிராத என்னிடம், சி மொழி தெரியுமா மேடம் என்று கேட்டாய். தெரியும் என்றேன். "எந்தங்கச்சிக்கு ஒரு வாய் செஞ்சிக்கினு கீறேன். பாதியில நிக்கிது" என்றாய். நான் உன்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தேன்.

ஸ்டெல்லாவைப் பார்த்த பிறகுதான் நீ சொன்னது புரிந்தது. பிறந்ததிலிருந்தே அவள் கைகால் அவள் சொல்பேச்சு கேட்காது. நாக்கும் அப்படித்தான். ஆனால் நாம் பேசுவதில் ஓர் எழுத்து அவளுக்குத் தப்பாது, நாம் பேசாமல் விடுவதும் தப்பாது. நினைத்த நேரத்தில் நினைத்தபடி அசைக்க அவளுக்குத் தலை ஒன்றுதான் இருந்தது. கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பொத்தானைப் பொருத்தினாய். திரையில் வரிசை வரிசையாகச் சொற்கள், ஒவ்வொரு வரிசையாக வெளிச்சம் நகரும். வேண்டிய வரிசைக்கு வரும்போது கன்னத்தால் ஓர் அழுத்து, வேண்டிய சொல்லுக்கு வரும்போது இன்னோர் அழுத்து. கடைசியில் மொத்த வாக்கியத்தையும் கணினி பேசும்.

பேசும் குரல் என்னுடையது. கடைகளில் கிடைத்த குரல்களெல்லாம் வானொலியில் செய்தி வாசிப்பது போல இருக்கிறது, அவள் செய்தியா வாசிக்கப் போகிறாள் என்று சொல்லி என் தலையில் கட்டினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டு அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, "இன்னா", "வூட்டுக்கு", "போதும் வுடு" என்று ஆயிரக்கணக்கான சொற்களை நான் சொல்ல நீ பதிவு செய்தாய். வெளியே கரும்பு வண்டி போனால் திரும்பவும் முதலிலிருந்து. அதன் பிறகு ஸ்டெல்லா என்னைத் திட்டும்போதெல்லாம் என் குரலிலேயே நான் திட்டு வாங்கினேன். அந்தச் சுகம் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

இதற்குப் போய் எதற்கு லிஸ்ப் என்கிற பழைய கணினி மொழி என்று நான் கேட்டேன். ஆயிரம் சுலபமான வழி இருக்கும்போது ஒரு லிஸ்ப் மொழிபெயர்ப்பியை முதலிலிருந்து நாமே சி மொழியில் எழுத வேண்டுமா என்று சண்டை போட்டேன். லிஸ்பில் சொற்களின் பட்டியலும் கட்டளையும் ஒரே உருவம். ஆகவே வாக்கியம் கட்டத் தெரிந்தவளுக்குக் கட்டளை கட்டவும் தெரிந்துவிடும் என்றாய். இதில் மட்டும் நீ சொன்னது சரி. நாம் முதல் பதிப்பைக் கொடுத்துக் கொஞ்ச நாளிலேயே அவளாக ஒரு கட்டளை எழுதினாள். அதற்கு "சண்டை" என்று பெயர். கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை முழுச் சத்தத்தில் இன்னொரு தடவை சொல்லும். தெருக்கோடி வரைக்கும் என் குரல் கேட்டது.

மற்றதில் எல்லாம் நீ சொன்னது தப்பு, அல்லது பாதி தப்பு. குப்பை அள்ளும் விஷயத்துக்கு வருகிறேன்.

லிஸ்பில் எல்லாமே சின்னச் சின்ன அறைகள். ஓர் அறை இன்னோர் அறையைச் சுட்டும், அது அடுத்ததை. ஸ்டெல்லா பாதி கட்டிய வாக்கியம் அப்படிப்பட்ட ஓர் அறைவரிசைதான். வேலை நடக்க நடக்க அறைகள் தீர்ந்துகொண்டே வரும். அப்போது நிரல் ஒரு நிமிடம் நின்று, இன்னும் யாராவது சுட்டிக்கொண்டிருக்கும் அறைகளுக்கெல்லாம் குறி போட்டுவிட்டு, குறி இல்லாத அறைகளைக் குப்பையென்று அள்ளி மறுபடி பயன்பாட்டுக்குக் கொடுக்க வேண்டும். இதில் ஒரே ஒரு கேள்விதான் சிக்கல். குறி போடுவதை எங்கிருந்து தொடங்குவது? அதாவது, இப்போது எது எது பயன்பாட்டில் இருக்கிறது என்று நிரலுக்கு எப்படித் தெரியும்?

எந்த இடத்தில் ஓர் அறையைக் கையில் எடுத்தாலும், இது என்னிடம் இருக்கிறது என்று அந்த இடத்திலேயே பதிவு செய்துவிட வேண்டும் என்பது என் கட்சி. எழுத அலுப்பாக இருக்கும், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் கேட் பாஸ் போடச் சொல்கிறாயா என்று நீ சிரித்தாய். உன் கட்சி வேறு. யாரும் எதையும் பதிய வேண்டாம். குப்பை அள்ளும் நேரத்தில் நிரல் தன் நடப்பு வேலையை அடுக்கிவைத்திருக்கும் நினைவக அடுக்கை மேலிருந்து கீழ்வரை துழாவிப் பார்ப்போம், அதில் எந்த எண் ஓர் அறையின் முகவரி மாதிரி தெரிந்தாலும் அதைச் சுட்டி என்றே வைத்துக்கொண்டு குறி போட்டுவிடுவோம் என்றாய். தற்செயலாக முகவரி மாதிரி இருக்கும் வெறும் எண்ணாக இருந்தால் என்ன செய்வாய், குப்பை அள்ளப்படாமல் தங்கிவிடுமே என்றேன்.

"குப்ப கொஞ்சம் தங்கிப் போனா இன்னா மேடம் நஷ்டம்? வேணுங்கறத தூக்கிக் கடாசிட்டாத்தான் போச்சி" என்றாய். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நகராட்சி விஷயம் பேசுகிறோம் என்று நினைத்திருப்பார்.

ஜெயித்தது நீதான். ஏனென்றால் அந்தக் கோப்பை எழுதியது நீ. அடுத்ததாக நம்முடைய அந்தப் பாழாய்ப்போன விதி. ஆரம்பத்தில் நான் உன் கோப்பில் ஒன்றைத் திருத்த, நீ என் கோப்பில் ஒன்றைத் திருத்த, இரண்டும் சேர்ந்து மொத்தமும் படுத்துக்கொண்டது. ஸ்டெல்லா ஒரு வாரம் பேச்சில்லாமல் கிடந்தாள். அதற்குப் பிறகு வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில் நின்று ஒப்பந்தம் போட்டோம். அவரவர் கோப்பை அவரவர்தான் தொட வேண்டும். அடுத்தவர் கோப்பில் பிழை தெரிந்தால் சொல்லலாம், கை வைக்கக் கூடாது. சொற்களை வாசிப்பதும் திரையில் காட்டுவதும் பேசுவதும் என்னுடையவை. கணக்கிடுவதும் குப்பை அள்ளுவதும் உன்னுடையவை. உன் கோப்பில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தால்கூட நான் போன் போட்டு உன்னைத்தான் கூப்பிட்டேன். நல்ல விதி என்று அப்போது நானும்தான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அந்த விதியில் ஒன்றை நாம் யோசிக்கவே இல்லை. இரண்டு பேரில் ஒருவர் செத்துப்போனால் என்ன செய்வது என்று.

டெங்கு காய்ச்சலில் ஒருத்தன் சாவானா என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உனக்கு உடம்பு சரியில்லை என்றால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்கு வருவாய், கேட்டால் "அது பாட்டுக்கு ஓடுது, வுடு மேடம்" என்பாய். கணினிக்கும் அதே வைத்தியம்தான். உன் மடிக்கணினி அரதப் பழசு, புதிய கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று எத்தனை தடவை சொன்னேன்? ஓடுவதை எதற்குக் கிளற வேண்டும் என்றாய். நீ போன அதே மழையில், கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு சாயங்காலம், அதுவும் கருகியது.

நிரலின் பிரதி என்னிடம் இருந்ததால் நான் பயப்படவில்லை. என் புதிய மடிக்கணினியில் ஏற்றி, பொத்தானை மாட்டி, ஸ்டெல்லாவின் முன்னால் வைத்தேன். ஓடியது. முதல் சில நாள் ஒரு வார்த்தை அங்கே இங்கே இடறியது. தண்ணி கேட்டால் "தண்ணி ஞாயித்துக்கெழம" என்றது. அவள் திரும்ப அழுத்தினால் சரியாக வந்தது. துக்க வீட்டில் யார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள், நானும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

முப்பதாம் நாள் செபத்துக்குச் சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. உன் திருக்கனூர் பெரியம்மா ஸ்டெல்லாவின் கன்னத்தைத் தடவித் தடவி அழுதுகொண்டிருந்தார். செபம் முடிந்து, வந்தவர்கள் உன்னைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். ஸ்டெல்லா பொத்தானை அழுத்தத் தொடங்கினாள். பேசப் போகிறாள் என்று கூட்டம் அமைதியானது. அவள் நெடுநேரம் அழுத்தினாள். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. அப்படி ஒரு நீளமான வாக்கியத்தை அவள் கட்டி நான் பார்த்ததில்லை. கடைசி அழுத்து விழுந்ததும் அத்தனை பேர் முன்னாலும் என் குரல் சொன்னது: "எங்கண்ணன் பிரஷர் குக்கர் பல்லு வெளக்கணும் பிரஷர் குக்கர்."

ஓர் ஓரத்திலிருந்து சிரிப்பு வந்து, உடனே அடங்கியது. "பாவம் பொண்ணு, அண்ணன் போன ஏக்கத்துல புத்தி பேதலிச்சிப் போச்சி" என்றார் பெரியம்மா. அந்தப் பாவம் என்ற சொல் அறை முழுக்கச் சுற்றி வந்தது. ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். தலையைப் பொத்தான் இல்லாத பக்கமாகத் திருப்பினாள். அதன் பிறகு திருப்பவே இல்லை.

அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். புரிகிறதா உனக்கு? நீ இருந்த காலத்தில் வாய் ஓயாமல் நம்மை வறுத்தெடுத்தவள், சுத்தமாக நிறுத்திவிட்டாள். உன் அம்மா பழையபடி பசியா, திரும்பிப் படுக்கணுமா, தண்ணியா என்று முகத்தைப் பார்த்துப் பார்த்து ஊகிக்க வேண்டியதாயிற்று. உன் சித்தப்பா மகன் நல்ல மனசோடு ஒரு டேப்லெட் வாங்கிவந்தான். அதில் படத்தைத் தொட்டால் ஒரு பெண், "எனக்குத் தாகமாக உள்ளது" என்று அழகாகச் சொன்னாள். ஸ்டெல்லா அந்தப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

நான் பிழையைத் தேடத் தொடங்கினேன். தேடினேன் என்றால் என் கோப்புகளில் தேடினேன். வாசிக்கும் பகுதியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். காட்டும் பகுதியையும் எழுதினேன். வார்த்தை எங்கே மாறுகிறது என்று பார்க்க நடுநடுவே அச்சிடும் வரிகளைச் சேர்த்தால் பிழை மறைந்துவிடும். சந்தோஷமாக அந்த வரிகளை நீக்கினால் திரும்ப வந்துவிடும். பொறுமை போய், குப்பை அள்ளுவதையே நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்த்தேன். வார்த்தை மாறவில்லை. ஆனால் மதியத்துக்குள் கணினி ஊதிப் பெருத்துத் திணறி நின்றது. அப்போதே தெரிந்துவிட்டது, பிழை உன் வீட்டில்தான் குடியிருக்கிறது என்று.

தெரிந்ததும் என் கை போனைத்தான் எடுத்தது. விதி அதுதானே, சொல்லலாம், கை வைக்கக் கூடாது. போனை மேசையில் வைத்துவிட்டு உன் கோப்பைத் திறந்தேன்.

இப்போது சொல், மனசாட்சி என்று ஒன்று உனக்கு இருந்ததா? அத்தனை பெரிய கோப்பில் விளக்கமாக ஒரு வரி கிடையாது. எதற்காக இந்தச் செயல்கூறு, எதற்காக இந்த எண், எதுவும் கிடையாது. மாறிகளுக்கு அ, ஆ என்று வைப்பதுபோல ஒற்றை எழுத்துப் பெயர்கள். கோடே பேசும் மேடம் என்பாய். பேசவில்லை. நான் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன், பஸ்ஸில் பார்த்தேன், கம்பெனியில் சர்வர் மறுதொடக்கம் ஆகும் நேரத்தில் பார்த்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்து ஒரு நாள் வாய்விட்டே திட்டிவிட்டேன். அங்கே உட்கார்ந்திருந்த புதுப்பையன் மறுநாளிலிருந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டான்.

கடைசியில் கிடைத்தது. நீ கேட்டால் உன் தலையை எதிலாவது முட்டிக்கொள்வாய்.

செயலிக்குள் ரிஜிஸ்டர் என்று சில இடங்கள் உண்டு. இந்த நொடி வேலை நடக்கும் மதிப்புகளை அது அங்கேதான் வைத்துக்கொள்ளும். நினைவக அடுக்கைத் துழாவினால் அவை அகப்படாது. அதனால் துழாவுவதற்குமுன் ரிஜிஸ்டர்களில் இருப்பதையும் அடுக்கில் கொட்டிவிட வேண்டும். அதற்கு நீ, கணினியோடு ஆயத்தமாக வரும் கட்டளைகளின் நூலகத்திலிருந்து செட்ஜம்ப் என்ற ஒன்றைக் கூப்பிட்டாய். எல்லோரும் செய்கிற குறுக்குவழிதான், உன் பழைய கணினியில் கச்சிதமாக நடந்தது. புதிய கணினியின் நூலகம் கொஞ்சம் உஷார். கெட்ட நோக்கத்தோடு எவனாவது எட்டிப் பார்த்தாலும் புரியக் கூடாது என்று, கொட்டும் மதிப்புகளில் சிலவற்றை மட்டும் கலைத்துப் போட்டுவிட்டுத்தான் கொட்டும். கலைக்கப்படும் ரிஜிஸ்டர்களில் ஒன்றை, நாம் எழுதியதைச் செயலியின் மொழிக்கு மாற்றிக் கொடுக்கும் புதிய தொகுப்பி, சும்மா கிடக்கிறதே என்று நம் வாக்கியத்தின் சுட்டியை வைக்கப் பயன்படுத்திவிட்டது.

ஆகவே உன் நிரல் அடுக்கு முழுக்க ஒழுங்காகத் துழாவியது. முகவரி மாதிரி தெரிந்த வெறும் எண்களுக்கெல்லாம் பெருந்தன்மையாகக் குறி போட்டது. ஸ்டெல்லா வியர்க்க வியர்க்கக் கட்டிக்கொண்டிருந்த வாக்கியத்தின் முகவரியை மட்டும் கலைந்த உருவத்தில் பார்த்து, இது ஏதோ எண் என்று தாண்டிப் போய்விட்டது. அந்த அறைகளை அள்ளி, அந்த நேரத்தில் திரையில் ஓடிக்கொண்டிருந்த சமையலறை வரிசைக்குக் கொடுத்துவிட்டது. பிரஷர் குக்கர் அங்கிருந்துதான் வந்தது. நான் அச்சிடும் வரியைச் சேர்த்தபோதெல்லாம் தொகுப்பி சுட்டியை வேறு ரிஜிஸ்டருக்கு மாற்றிக்கொண்டதால் பிழை ஒளிந்துகொண்டது.

குப்பை தங்கலாம், வேண்டியதை மட்டும் வீசிவிடக் கூடாது என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி பேசினாயே. அந்த ஒன்றைத்தான் உன் நிரல் செய்தது. இது நடக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. என் வழியில் ஒவ்வொன்றையும் பதிந்திருந்தால் இந்தச் சங்கடமே வந்திருக்காது என்று சத்தமாகச் சொன்னேன். ஜெயித்த மாதிரி இல்லை. மறுத்துப் பேச ஆள் இல்லாமல் ஜெயிப்பதில் என்ன இருக்கிறது?

செட்ஜம்பை நீக்கிவிட்டு, ரிஜிஸ்டர்களைக் கலைக்காமல் அப்படியே அடுக்கில் வைக்கும் சில வரிகளை நானே எழுதினேன். உன் கோப்பில் கை வைத்தேன். மேலே என் பெயரையும் காரணத்தையும் விளக்கமாக எழுதினேன், பத்தி பத்தியாக, உனக்குப் பிடிக்காத நடையில்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா வழக்கம்போல, "வாம்மா, அவ தூங்கல, சும்மாத்தான் கீறா" என்றார். கணினியை வைத்துப் பொத்தானைக் கன்னத்தருகே பொருத்தினேன். ஸ்டெல்லா தலையைத் திருப்பவில்லை. சரியாகிவிட்டது, இனிமேல் மாறாது என்றேன். அசைவில்லை. கெஞ்சினேன். அதற்குப் போய் அவள் மசிவாளா? எனக்கு ஆத்திரம் வந்து, உன் அண்ணன் செய்துவைத்த வேலைக்கு நான் மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டேன், என்ன நடந்தது என்றாவது கேள் என்றேன். அவள் கண் என் பக்கம் வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரிப்பேர், சரியாகிவிடும் என்பதைத் தவிர இத்தனை மாதத்தில் யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் வாய்க்கு என்ன ஆனது என்று அவளுக்கே தெரியாது. தான் அழுத்தியதுதான் தப்போ, தனக்குத்தான் மூளை பிசகிவிட்டதோ என்று அவள் நினைத்திருந்தால் அதில் அதிசயமில்லை. கட்டில் ஓரம் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். அறைகள், சுட்டிகள், குறி போடுவது, ரிஜிஸ்டர், கலைத்துக் கொட்டும் நூலகம், பிரஷர் குக்கர் வந்த வழி. நீ சரியாகத்தான் அழுத்தினாய், நாங்கள் எழுதியதுதான் உன் வாக்கியத்தை அள்ளிக்கொண்டு போனது என்றேன்.

அவள் தலை மெதுவாகத் திரும்பியது. வெளிச்சம் வரிசை வரிசையாக நகர்ந்தது. ஓர் அழுத்து. இன்னோர் அழுத்து.

"எந்த ஃபைலு?" என்றாள், என் குரலில்.

காட்டினேன். படிக்க வேண்டும் என்றாள். திரையில் உன் கோப்பைத் திறந்து வைத்தேன். அவள் அழுத்த அழுத்தப் பக்கம் நகர்ந்தது. நடுவில் எனக்கு விடை தெரியாத ஒரு கேள்வி கேட்டாள்: குறி போட்டுக்கொண்டிருக்கும்போதே அடுக்கு நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? நான் முழித்தேன். நீ இருந்தாலும் முழித்திருப்பாய். பிறகு சோதனை தொடங்கியது. அவளாகவே ஒரு கட்டளை கட்டினாள். ஒரு வாக்கியத்தைப் பாதி கட்டி அப்படியே நிறுத்திவைத்து, பின்னால் குப்பையை மேலும் மேலும் உண்டாக்கி, அள்ள வைத்து, வாக்கியம் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளை. மதியச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டு ஓட்டினாள். ஒரு சொல்லும் மாறவில்லை. நம் இரண்டு பேருக்கும் இத்தனை வருடத்தில் இப்படி ஒரு சோதனை எழுதத் தோன்றவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

எல்லாம் முடிந்ததும், "இந்த ஃபைலு இனிமே என்னுது. நீ தொடாத" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அதில் இனிமேல் எதையாவது திருத்த அவளுக்கு ஓர் எழுத்துக்கு எத்தனை அழுத்து ஆகும் என்று சொல்ல வந்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். நம் விதி அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. நாம் போனில் போட்ட சண்டையெல்லாம் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தானே நடந்தது.

வெயில் தாழ்ந்தது. உன் அம்மா சமையலறையில் இருந்தார். ஸ்டெல்லா மறுபடி அழுத்தத் தொடங்கினாள். நீளமான வாக்கியம். இடையில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். அவள் அன்றைக்குச் செபத்தில் என்ன சொல்ல வந்தாள் என்று நான் கேட்டதே இல்லை. கேட்கப் பயம். கடைசி அழுத்து விழுந்தது. என் குரல் சொன்னது:

"எங்கண்ணன் ஒரு நாளும் என்னப் பாவம்னு சொன்னதில்ல. நீங்க எல்லாரும் சொல்றீங்க."

பாத்திரச் சத்தம் நின்றது. உன் அம்மா கதவருகே வந்து நின்றார். கையில் மாவு. "நானுந்தானடி சொல்லிக்கினு கெடந்தேன்" என்றார்.

ஸ்டெல்லா அழுத்தினாள். "தெரியும்மா. இனிமே சொல்லாத."

உன் அம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அழுதாரா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. நான் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வருவதைக் கேட்டுக்கொண்டு வேறு எங்கே போவது? உன்னைப் பற்றி அன்றைக்கு அத்தனை பேர் பேசினார்கள். உன்னைத் தெரிந்து பேசியது அவள் ஒருத்திதான், அதைத்தான் நம் நிரல் யாருக்கும் கேட்கவிடாமல் செய்தது.

கம்பெனியில் உன் பேச்சு வந்தால் எல்லோரும், பாவம், நல்ல பையன், இந்த வயதிலா போக வேண்டும் என்கிறார்கள். நான் தலையாட்டுவதில்லை. உன்னைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இனியும் வராது. காய்ச்சலோடு ஷிஃப்டுக்கு வந்தாய், சொன்ன பேச்சு கேட்கவில்லை, ஒரு வரி விளக்கம் எழுதவில்லை. உன்மேல் எனக்குக் கோபம். இருக்கிற ஆள்மேல் வருகிற அதே கோபம். இதை நான் விடுவதாக இல்லை.